ஹெர்பர்ட் கமோயின்ஸ் என்று எழுதிய பெண்

1841-இல் லண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. தன் ஒப்பனை அறைச் சுவரை முத்திரை குத்திய தபால்தலைகளால் நிரப்ப ஓர் இளம்பெண் ஆசைப்படுகிறார். நண்பர்கள் தயவில் 16,000 சேர்ந்துவிட்டன, இன்னும் அனுப்புங்கள் என்று கேட்கிறார். முழுப்பெயர் கிடையாது, இ.டி. என்ற இரண்டு எழுத்து மட்டும்.

தபால்தலைச் சேகரிப்பின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வருவதில்லை. உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் வெளிவந்ததே 1840 மே மாதம்தான். ஒரு தாளில் வரிசைக்கு 12 வீதம் 20 வரிசை, மொத்தம் 240 தலைகள். ஒவ்வொன்றின் கீழ்மூலைகளிலும் அது தாளில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் காட்டும் எழுத்துகள் இருக்கும். அந்த எழுத்துகளை வைத்து ஒரு முழுத் தாளைத் திரும்பக் கட்டி எழுப்பப் பிற்காலச் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் தவம் கிடந்தார்கள். இந்தப் பெண்ணிடம் இருந்ததோ 66 தாள்களுக்கும் மேலான தலைகள்! ஆனால் விளம்பரம் வந்த மறு ஆண்டே, அரசியின் தலையைச் சேர்க்கும் வேலையற்ற சீமாட்டிகள் என்று பஞ்ச் என்ற நகைச்சுவை இதழ் கிண்டலடித்தது; தபால்தலையில் இருந்தது விக்டோரியா அரசியின் தலைப்படம்.

அந்தக் கிண்டல் நடந்து இருபது ஆண்டு கழித்து, தபால்தலைகளைப் பற்றி எழுத வருகிறார் அடிலெய்ட் லூசி ஃபென்டன். நான் சொல்ல வந்தது இவரைப் பற்றித்தான்.

1860-களில் இங்கிலாந்தில் தபால்தலைகளுக்கென்றே பத்திரிகைகள் வரத் தொடங்கின. 1863-இல் பாத் நகரத்திலிருந்து ஒன்று புறப்பட்டது. எந்த நாடு எந்த ஆண்டில் எதை வெளியிட்டது என்பதற்கே அப்போது சரியான பட்டியல் கிடையாது. விளிம்புத் துளைகளை எண்ணும் அளவுகோலை பாரிஸில் டாக்டர் லெக்ராண்ட் 1866-இல்தான் வெளியிட்டார். போலிகளும் ஏராளம். கையில் உள்ள தலையை உற்றுப் பார்த்து, கடிதம் எழுதி விசாரித்து, அச்சில் வாதாடித்தான் ஒவ்வொரு தகவலும் நிலைபெற்றது. பெரும்பாலும் ஆண்களே எழுதிய அந்தப் பக்கங்களில் ஃபென்டனும் நிறைய எழுதினார், ஹெர்பர்ட் கமோயின்ஸ் என்ற ஆண் பெயரில்.

ஏன் அப்படி? பஞ்ச் அடித்த கிண்டல் போன்றவைதான் காரணம் என்பது என் எண்ணம். பெண் பெயரைப் பார்த்தாலே சுவருக்கு ஒட்டுகிறவள் என்று நினைக்கிற காலத்தில், நுணுக்கமான ஒரு கருத்தை அதன் தகுதிக்காகவே படிக்கவைக்க அவருக்கு ஓர் ஆண் பெயர் தேவைப்பட்டிருக்கும். நினைத்தால் கோபம்தான் வருகிறது. இ.டி.யாவது தன் முதலெழுத்துகளைப் போட முடிந்தது. அறிவோடு பேச வந்தவருக்கு அதுகூட வாய்க்கவில்லை.

சரி, ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்துத் தபால்தலைப் பத்திரிகைகளிலிருந்து கமோயின்ஸை மேற்கோள் காட்டுகிறவர்கள் பக்கத்திலேயே ஃபென்டன் என்றும் எழுதுங்கள். நான் என் குறிப்பேட்டில் ஃபென்டன் பெயரைத்தான் முதலில் எழுதுகிறேன்.