டிசம்பர் டூர்: நாட்டைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்

சென்னையை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் ஆசியாவில் பாதிக் கடற்கரைகளையும் டிசம்பரில் கெடுக்கிறது. அதனால் "தாய்லாந்து போகலாமா?" என்பது அரைகுறைக் கேள்வி. புக்கெட், கிராபி அந்தமான் கடல் பக்கம். டிசம்பரில் வெயிலும் தெளிந்த நீரும் கிடைக்கும். கோ சமுய் தாய்லாந்து வளைகுடாப் பக்கம். மாத முற்பாதியில் மழை கொட்டலாம். மலேசியாவில் லங்காவி சரி. கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் போகவே வேண்டாம், ரிசார்ட்டுகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். இலங்கையில் காலி (Galle), மிரிஸ்ஸ ஊர்கள் சரி. திருகோணமலையை ஜூலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் ஃபூ குவாக் காய்ந்திருக்கும், ஹுவே நனைந்திருக்கும், ஹனோயில் ஸ்வெட்டர் தேவைப்படும். பாலிக்கு அது மழைக்காலம். பேக்கேஜ் விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

அரையாண்டு லீவுக்காக 23-ஆம் தேதிக்குப் பிறகுதான் கிளம்ப முடியும் என்றால் செலவு எகிறும். அறை வாடகையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்: பல ஹோட்டல்கள் 24, 31 இரவுகளில் 'காலா டின்னர்' (பண்டிகை விருந்து) என்று தலைக்கு இவ்வளவு எனக் கட்டாயமாகச் சேர்க்கும். புக்கிங்கின் பொடி எழுத்தில் அது இருக்கும். குழந்தை இல்லாதவர்களுக்கு டிசம்பர் 5 முதல் 15 வரை உத்தமம்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி வேண்டும். இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய சிக்கல்: சர்நேம் காலியாக ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், துபாய் டிக்கெட் எடுக்கும் முன் விசா விதியைப் பார்த்துவிடுங்கள்.