பத்தொன்பது வயதுக் கேட்சர்: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

2026 ஜனவரி 4

பேஸ்பால் இல்லாத மாதங்களில் இளம் ஆட்டக்காரர்களைப் பற்றிய என் பழைய குறிப்புகளைத் திருத்தி எழுதுவது வழக்கம். இந்தக் குளிர்காலத்துக்கு ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்: மேஜர் லீக் அணியான சான் டியாகோ பாட்ரேஸின் அமைப்பில் இருக்கும் இளம் கேட்சர் ஈதன் சாலஸ். (கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல, பேட்டருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பிட்சர் வீசும் பந்தை வாங்குபவர்.) 2006 ஜூன் 1 அன்று ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமீயில், வெனிசுவேலாவைச் சேர்ந்த பேஸ்பால் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வலக்கையால் எறிந்து இடக்கையால் அடிப்பவர். 2023 ஜனவரியில், பதினாறு வயதில், 56 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு மே மாத இறுதியில், பதினேழாவது பிறந்தநாளுக்கு முன்பே, கீழ்நிலையான மைனர் லீக்கின் லேக் எல்சினோர் அணியில் இறக்கிவிட்டார்கள். அங்கே 48 ஆட்டங்களில் .267 பேட்டிங் சராசரியும் (அடிக்கும் வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) 9 ஹோம் ரன்களும் எடுத்தார். கோடை முடிவதற்குள் ஃபோர்ட் வேன், பிறகு மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழான டபுள்-ஏ நிலையிலுள்ள சான் அண்டோனியோ என்று இரண்டு படிகள் ஏற்றினார்கள். பதினேழு வயதில் டபுள்-ஏ ஆடிய கேட்சர் என்றால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? அடுத்த பெரிய கேட்சர் இவர்தான் என்று எழுதித் தள்ளினார்கள்.

2024-இல் ஃபோர்ட் வேனுக்கே திரும்பி 111 ஆட்டங்கள் ஆடினார். சராசரி .206, ஸ்லக்கிங் (அடியின் பலத்தைக் காட்டும் எண்) .311, ஹோம் ரன்கள் நான்கே நான்கு. 2025-இல் சான் அண்டோனியோவில் பத்து ஆட்டங்கள் ஆடியதும் கீழ்முதுகு எலும்பில் அழுத்தக் காயம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அதோடு முடிந்தது. கொண்டாடியவர்களில் பலர் இப்போது தரவரிசையில் அவரைக் கீழே தள்ளிவிட்டார்கள். அவர்கள் தள்ளியது பேட்டிங் எண்களைப் பார்த்து. ஒரு கேட்சரின் முதன்மையான வேலை அந்த எண்களில் எங்கேயும் இல்லை என்பதுதான் என் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கவே இந்தக் குறிப்புகள்.

2026 ஜனவரி 5

இளம் ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகளின் மதிப்பெண் 20-இல் தொடங்கி 80-இல் முடியும். 50 என்பது மேஜர் லீக் சராசரி. பந்தை அடிக்கும் திறன், அடியின் பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறிதல் என்று ஐந்து கட்டங்கள். கேட்சரை இந்த ஐந்துக்குள் அடக்குவது கடினம். பந்தை வாங்குவது, தரையில் குத்தி வரும் பந்தை உடம்பால் தடுப்பது, அடுத்து என்ன பந்து வீச வேண்டும் என்று பிட்சருக்குச் சொல்வது, அவர் தடுமாறும்போது எழுந்து போய்ப் பேசுவது என எல்லாவற்றையும் ஃபீல்டிங் என்ற ஒற்றை எண்ணுக்குள் திணிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டத்தில் 30 வாங்கினாலும் கேட்சரை யாரும் குறை சொல்வதில்லை.

2026 ஜனவரி 11

இன்று எறிதலைப் பற்றி. முதல் பேஸில் நிற்கும் ரன்னர், பிட்சர் வீசும்போதே இரண்டாவது பேஸுக்கு ஓடுவதைப் பேஸ் திருட்டு என்பார்கள்; அவரைப் பிடிக்கத்தான் கேட்சர் எறிகிறார். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் வரை 127 அடி, கூடவே மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பிட்சரின் பந்து கேட்சரின் கையுறையில் விழும் கணத்திலிருந்து, அவர் எறிந்த பந்து இரண்டாவது பேஸில் இருப்பவரின் கையுறையில் விழும் கணம் வரையிலான நேரத்தை ‘பாப் டைம்’ என்கிறார்கள். மேஜர் லீக்கில் இரண்டு விநாடி என்பது சராசரி, 1.9 என்றால் மிக நன்று. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து பிளேட்டை அடைய ஏறத்தாழ 1.3 விநாடி ஆகும். இரண்டையும் கூட்டினால் 3.3. முதல் பேஸிலிருந்து பாய்ந்து வருபவருக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆகவே இங்கே பத்தில் ஒரு விநாடி என்பது ஓர் ஆட்டக்காரரின் பிழைப்பு.

இந்தக் கணக்கே 2023-இல் மாறிவிட்டது. பேஸின் பக்கம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்சருக்குக் கடிகாரம் வந்தது, ரன்னரைத் துரத்த அவர் பேஸுக்கு எறியும் வாய்ப்பும் மட்டுப்படுத்தப்பட்டது. 2022-இல் மேஜர் லீக் முழுவதும் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டுகள் ஒரே ஆண்டில் 3,503 ஆயின. ரன்னர்களில் எத்தனை பேரைப் பிடித்தார் என்ற சதவீதத்தை வைத்து இன்றைய இளம் கேட்சரைப் பழைய காலத்தவரோடு ஒப்பிடுவது அதனால்தான் அர்த்தமற்றது. மைனர் லீக்கில் இன்னும் மோசம்: அங்கே இளம் பிட்சர்கள் ரன்னரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பழி முழுவதும் கேட்சரின் தலையில் விழுகிறது. சாலஸுக்கு வலுவான கை இருக்கிறது என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். நான் 55 தருவேன்.

2026 ஜனவரி 18

உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் பயிற்சி ஆட்டத்துக்கு மைத்துனரையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், வலைக்கு அருகில் உட்கார்ந்தோம். கேட்சரைப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. கையில் நிறுத்துகடிகாரம். இன்னிங்ஸ்களுக்கு இடையில் எறிந்து பழகும்போது அந்தப் பையன் இரண்டு விநாடிக்குள் முடித்துவிடுகிறான். ஆட்டத்தில், உண்மையிலேயே ரன்னர் ஓடும்போது, 2.1-ஐத் தாண்டுகிறது. ஏன் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பழகும்போது பந்து எங்கே வரும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் கால்கள் முன்கூட்டியே திரும்பிவிடுகின்றன. ஆட்டத்திலோ பந்து முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக வருகிறது. கையுறை அங்கே போய் வாங்கி, காதருகே வந்து, விரல்கள் பந்தின் தையலைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்தப் பத்தில் ஒரு விநாடி கரைந்துவிடுகிறது. கையின் பலத்தில் குறையே இல்லை. பந்தைக் கையுறையிலிருந்து விரலுக்கு மாற்றும் முக்கால் விநாடிக்குள்தான் எல்லாம் நடக்கிறது.

மைத்துனர் கிரிக்கெட் ஆள். அரைமணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அத்தான், நம்ம கீப்பர் பந்துக்குப் பந்து எழுந்து நிற்கிறார். இவர் இப்படியே முட்டி போட்டு உட்கார்ந்திருந்தால் முப்பது வயதில் என்ன ஆவார்?” என்று கேட்டார். சரியான கேள்வி. இப்போது பெரும்பாலோர் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்கார்வது தாழ்வாக வரும் பந்தை அழகாக வாங்குவதற்காகத்தான், முட்டியைக் காப்பதற்காக அல்ல. அதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

2026 ஜனவரி 25

பந்தை வாங்குவது. ஸ்ட்ரைக் எல்லையின் (பேட்டர் அடித்திருக்க வேண்டிய பந்து என்று விதி வகுத்த கட்டத்தின்) விளிம்பில் வரும் பந்தை, அம்பயரின் கண்ணுக்கு ஸ்ட்ரைக்காகத் தெரியும்படி அமைதியான கையோடு வாங்கும் கலையை ‘ஃப்ரேமிங்’ என்கிறார்கள். பந்து விழும் இடத்துக்குச் சற்றுக் கீழிருந்து கையுறை மேலே வரவேண்டும். பந்து கையுறையைக் கீழே இழுத்துச் செல்ல விட்டால் தாழ்வான ஸ்ட்ரைக் போய்விடும். பந்துத்தடக் கேமராக்கள் வந்த பிறகு, 2010-களின் தொடக்கத்தில், இதை எண்ணால் அளக்க முடிந்தது. ஒரு ‘பால்’ (அந்த எல்லைக்கு வெளியே போன பந்து) ஸ்ட்ரைக்காக மாறுவது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ரன் பெறும் என்று கணக்கிடுகிறார்கள். ஓர் ஆட்டத்தில் 150 பந்துகள் வரை வாங்குபவருக்கு இந்தச் சில்லறை ஓர் ஆண்டில் பல வெற்றிகளாகச் சேர்ந்துவிடும். பேட்டிங்கில் சுமாரான ஹோசே மொலினா போன்ற கேட்சர்களை அணிகள் ஏன் விடாமல் வைத்திருந்தன என்பது அதற்குப் பிறகுதான் பலருக்கும் விளங்கியது.

சாலஸைப் பற்றிப் பதினாறு வயதிலேயே பேசவைத்தது இந்தத் திறமைதான். தன்னைவிட ஐந்தாறு வயது மூத்த பிட்சர்களின் பந்துகளை அவர் வாங்குவதை வீடியோவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால், முழங்கை தளர்ந்தே இருக்கிறது, மணிக்கட்டு துடிப்பதில்லை, தலை அசைவதே இல்லை. சொல்லிக்கொடுத்து இதில் கொஞ்சம்தான் வரும்; மீதியைப் பிறவியிலேயே கொண்டுவர வேண்டும்.

ஆனால் இந்தத் திறமையின் விலை இந்த ஆண்டிலிருந்து மாறப்போகிறது. 2026 முதல் மேஜர் லீக்கில் அம்பயரின் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடலாம். ஓர் அணிக்கு இரண்டு முறையீடுகள். வென்றால் வாய்ப்பு குறையாது. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவர் மட்டுமே, தலையைத் தட்டி, உடனே கேட்க வேண்டும். இதனால் ஃப்ரேமிங் செத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். ஆட்டத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய தீர்ப்புகளே மாறும். மற்றவை அம்பயரின் கண்ணை நம்பித்தான் இருக்கும். தவிர, எந்தப் பந்துக்கு முறையிடுவது என்று அறிவதே ஒரு தனித் திறமையாகிறது. 2025 வசந்தகாலச் சோதனையில் கேட்சர்களின் முறையீடுகளில் 56 சதவீதம் வென்றன. பிட்சர்களுடையதில் 41 மட்டுமே. பிட்சர் ஆசைப்பட்டுக் கேட்கிறார், கேட்சர் பார்த்துக் கேட்கிறார். ஸ்ட்ரைக் எல்லையைத் தன் உள்ளங்கை போல அறிந்த ஒருவருக்கு, பழைய வேலையில் இழக்கும் மதிப்பில் ஒரு பகுதி இந்தப் புதிய வேலையில் திரும்பக் கிடைக்கும். ஃபீல்டிங்குக்கு 60 தருகிறேன்; போன ஆண்டு எழுதியிருந்தால் 65 தந்திருப்பேன்.

2026 ஜனவரி 26

ஒரு சிறு சேர்க்கை. அவர் ஆங்கிலமும் ஸ்பானிஷும் பேசுகிறார். ஒரு பிட்சிங் படையில் பாதிப் பேர் ஒரு மொழியும் மீதிப் பேர் இன்னொரு மொழியும் பேசும் ஆட்டத்தில் இது எந்தக் கட்டத்திலும் மதிப்பெண் பெறாத பெரிய சொத்து.

2026 பிப்ரவரி 1

இப்போது கசப்பான பகுதி. பதினெட்டு வயதில் .206 அடித்தவர் மேஜர் லீக்கில் அடிப்பாரா?

ஃபோர்ட் வேன் ஆடும் அந்த லீக்கில் பெரும்பாலோர் கல்லூரியில் ஆடிவிட்டு வந்த 21, 22 வயதினர். அவரை ஒத்த வயதுடைய அமெரிக்கப் பையன்கள் அப்போது பள்ளியை முடித்து, அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குக் காத்திருந்தார்கள். வயதைக் கழித்துப் பார்த்தால் .206 அவ்வளவு கொடியது அல்ல. எனினும் வயது எல்லாவற்றையும் மன்னித்துவிடாது. நான்கு ஹோம் ரன்களும் .311 ஸ்லக்கிங்கும் பந்து மட்டையில் பலமாகப் படவில்லை என்றுதான் சொல்கின்றன. இதற்கு அணியும் பொறுப்பு. பதினேழு வயதில் டபுள்-ஏ வரை ஏற்றியது கையுறையைப் பார்த்து எடுத்த முடிவு. மட்டைக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கேட்சரின் பேட்டிங் தாமதமாக வரும் என்பதற்குச் சான்று யாடியர் மொலினா. 2006-இல், 23 வயதில், .216 அடித்தார், அந்த ஆண்டே அவருடைய செயின்ட் லூயிஸ் அணி மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத்தொடரை வென்றது, அவர்தான் அவர்களின் முதன்மைக் கேட்சர். 2012-இல் அவர் .315 சராசரியும் 22 ஹோம் ரன்களும் எடுத்தார். கையுறை அவரை மேஜர் லீக்கில் தாங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் மட்டை வளர்ந்தது. இவான் ரோட்ரிகெஸ் 1991-இல் பத்தொன்பது வயதிலேயே டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு ஆடவந்தவர், ஆனால் அவர் கணக்கில் சேராதவர். அப்படிப்பட்டவரை அளவுகோலாக வைத்தால் உலகத்தில் எந்தப் பையனும் தேறமாட்டான்.

மறுபக்கத்தையும் எழுதவேண்டும். மட்டை முந்திக்கொண்டால் அணிகள் கேட்சராக விட்டுவைப்பதில்லை. பிரைஸ் ஹார்ப்பர் கேட்சராக ஆடியவர். 2010 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த வாஷிங்டன் அவரை உடனே அவுட்ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டது. பால்டிமோரின் கேட்சர் சாமுவேல் பசாயோ சாலஸைவிட இரண்டு வயது மூத்தவர், மட்டையால் பேர் வாங்கியவர். 2025 ஆகஸ்டில் மேஜர் லீக்குக்கு வந்த சில நாட்களிலேயே எட்டு ஆண்டுகளுக்கு 6.7 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் அங்கே அட்லி ரட்ச்மன் என்ற இன்னொரு கேட்சர் இருப்பதால் முதல் பேஸிலும் நின்று ஆடவேண்டியிருக்கிறது. எந்த அணியும் சாலஸை முதல் பேஸுக்கு மாற்ற நினைக்காது. அது அவருடைய பலம், அதுவே அவருடைய அபாயமும்கூட: கேட்சராகத் தோற்றால் போக வேறு இடம் கிடையாது.

அடிக்கும் திறனுக்கு 40, பலத்துக்கு 45. மிகத் தாராளமாகப் போட்டது அந்த 45.

2026 பிப்ரவரி 7

முதுகு. ஒரு பத்தொன்பது வயதுக் கேட்சருக்கு .206-ஐவிட இதுதான் என்னைக் கவலைப்படவைக்கிறது. ஆட்டம் முழுவதும் குந்தி உட்கார்ந்து, எழுந்து, இடுப்பைத் திருப்பி எறிந்து, பிறகு மட்டையையும் அதே இடுப்பால் சுழற்றுகிறவருக்குக் கீழ்முதுகு என்பது வேலைக்கான கருவி. அழுத்தக் காயம் ஓய்வெடுத்தால் ஆறும். திரும்ப வருமா என்பதை ஆடவைத்துத்தான் அறிய முடியும். ஜோ மாவர் மூன்று முறை பேட்டிங் பட்டம் வென்று, 2009-இல் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான பிறகும், 2013-இல் தலையில் பட்ட அடியால் கேட்சர் வேலையை விடவேண்டிவந்தது. அவருக்கு முதல் பேஸில் நிற்க ஒரு மட்டை இருந்தது.

என் மதிப்பீடு: முதுகு ஒத்துழைத்தால், 23 அல்லது 24 வயதில், பேட்டிங் வரிசையின் அடியில் ஆடி .230 அளவில் அடிக்கும், ஆனால் எந்தப் பிட்சரும் விரும்பிக் கேட்கும் முதன்மைக் கேட்சர், மொத்தத்தில் 50. நட்சத்திரமாகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்று வைக்கிறேன். 2023-இல் சொன்னதைவிட இது குறைவு, இப்போது சொல்லப்படுவதைவிட அதிகம்.

அணிக்கும் அவசரம் இல்லை. 2025 ஜூலை இறுதியில் கான்சஸ் சிட்டியிடமிருந்து கேட்சர் ஃப்ரெடி ஃபெர்மினை வாங்கிவிட்டார்கள். மேஜர் லீக்கில் இடம் காலியாகக் கிடக்கவில்லை. பதினெட்டு வயதுக்குள் ஒப்பந்தமானவர் என்பதால் மற்ற அணிகள் சாலஸைக் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க, 2027 நவம்பரில்தான் அணி தனக்கென்று பாதுகாத்துக்கொள்ளும் நாற்பது பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தாகவேண்டும். அதற்குள் இரண்டு முழு ஆண்டுகள் இருக்கின்றன. முதல் ஆண்டில் நான் சராசரியைப் பார்க்கப்போவதில்லை. வாரத்துக்கு எத்தனை நாள் கேட்சராக நிற்கவைக்கிறார்கள் என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.