இருளருக்கு நூலகத்தில் எந்த எண்?

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடி மக்கள் நாள். பழங்குடி மக்கள் தொடர்பான ஐ.நா. பணிக்குழு 1982-இல் முதன்முதலாகக் கூடிய தேதி அது என்பதால், 1994-இல் ஐ.நா. பொதுச்சபை அந்நாளை அறிவித்தது. கடலூரில் எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம் அதைக் கொண்டாட முடிவு செய்ததும், தோடர்களின் பூத்தையல் போர்வை, வார்லி ஓவியம், பழங்குடி நடனம் என்று யோசனைகள் வந்து குவிந்தன. எல்லாம் அழகானவைதான். ஆனால் நீலகிரியும் மகாராஷ்டிரமும் நினைவுக்கு வந்த வேகத்தில், சிதம்பரம் போகும் பேருந்தில் நம்மோடு ஏறி இறங்கும் இருளர்கள் நினைவுக்கு வரவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர்.

இருளர் பற்றி என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று நூலகர் அம்மாவுடன் சேர்ந்து தேடினேன். எங்கள் நூலகத்தில், ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுத்து நூல்களை அடுக்கும் டியூயி தசமப் பகுப்பு முறை. கிடைத்த சில நூல்களில் பெரும்பாலானவை 398-இல், அதாவது நாட்டார் வழக்காறுகளுக்கான அடுக்கில், தேவதைக் கதைகளுக்குப் பக்கத்தில் இருந்தன. இந்திய வரலாற்றுக்கான 954-இல் ஒன்றுகூட இல்லை. சோழர்களுக்கு வரலாறு உண்டு, பிரெஞ்சுக்காரர்களுக்கு உண்டு, இருளர்களுக்குக் கதையும் சடங்கும் மட்டும்தான் உண்டு என்று அந்த எண்கள் சொல்லாமல் சொல்வதாகவே எனக்குப் பட்டது. நூலகரை இதில் குறை சொல்ல முடியாது. நூல்களே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 1909-இல் ஏழு தொகுதிகளாக எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் தொடங்கி, வெளியே இருந்து அவர்களைப் பார்த்து எழுதியவர்களே மிகுதி.

கனடாவில் பிரையன் டீர் என்ற மோஹாக் இன நூலகர் இதே சிக்கலை 1970-களில் சந்தித்தார். வட அமெரிக்கப் பழங்குடிகள் எல்லோரையும் அமெரிக்க வரலாற்றின் தொடக்கப் பகுதியில் ஓரிடத்தில் குவித்து வைக்கும் பகுப்பு முறை அவருக்கு ஒத்துவரவில்லை. பழங்குடியினர் தங்கள் உலகத்தைப் பார்க்கும் விதத்தில் புதிதாக ஒரு முறையை உருவாக்கினார். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பழங்குடி நூலகம் அதையொட்டியே இயங்குகிறது. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வகுத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கொள்ளிடத்துக்கு அக்கரையில் உள்ள சீர்காழிக்காரர் என்று பெருமை பேசுகிற நம் பக்கத்தில் இப்படி ஒரு முயற்சி நடக்காதது வியப்புதான்.

உண்மையில் இருளரின் அறிவு ஒரே எண்ணுக்குள் அடங்குவதே இல்லை. பிச்சாவரம் உப்பங்கழியில் இருளப் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். மார்பளவு நீரில் இறங்கி, பறி எனப்படும் பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சுரபுன்னை வேர்களுக்கிடையே சேற்றைத் தடவிக்கொண்டே நகர்கிறார்கள். விரலில் தட்டுப்படுவது இறாலா, நண்டா, வெறும் வேரா என்பதைக் கண்ணால் பார்க்காமலேயே முடிவு செய்து, அகப்பட்டதைப் பறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடி வைக்கிறார்கள். இது 639, மீன்பிடித் தொழில். செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்தபின் மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான முறிமருந்து தயாராகிறது. அது 615, மருந்தியல். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

வரலாறும் இருக்கிறது, அதுவும் நம் வாசலிலேயே. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி. தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பட்டியல் பழங்குடியாக இருந்துவரும் இருளர், எல்லைக்கு அந்தப் பக்கம் 2016 டிசம்பரில்தான் அப்படி அறிவிக்கப்பட்டார்கள். அதனாலேயே 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பட்டியல் பழங்குடி மக்கள்தொகை சுழியம். அத்தனை காலம் சான்றிதழுக்காக அலைந்தவர்களின் கதை 954-இல் வைக்கத் தக்கதா இல்லையா?

ஆகவே கண்காட்சியின் போக்கை மாற்றினோம். பறி, எலி வளைக்குள் புகை ஊதும் மண்பானை, மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனுக்கு மணலில் எழுப்பும் படிகள் ஆகியவற்றின் படங்களுக்கு விளக்கம் எழுதும் பொறுப்பைக் கிள்ளைப் பகுதியிலிருந்து வந்த இருளர் குடும்பங்களிடமே விட்டோம். அவர்கள் சொல்லச் சொல்ல, பள்ளியில் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகள் எழுதினார்கள். பாட்டுகளைப் பதிவு செய்யும் ஆசையும் எங்களுக்கு இருந்தது. அமெரிக்காவில் 1890-இல் பாஸமகுவாடி என்ற பழங்குடி மக்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார்கள். அவற்றில் எவற்றைப் பொதுவில் கேட்கலாம் என்பதில் அம்மக்களின் விருப்பத்துக்கு அந்நாட்டு நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகம் மதிப்பளிக்கத் தொடங்கியது ஒரு நூற்றாண்டுக்கும் பிறகுதான். அந்தத் தாமதம் இங்கே வேண்டாம் என்பதால், கன்னியம்மன் பாட்டைப் பதிய வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் சொன்னதும் கருவியை அணைத்துவிட்டோம்.

அவரே பிறகு, "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க புள்ளைங்களுக்கு வீட்டுக்குப் பொஸ்தகம் குடுப்பாங்களா?" என்று கேட்டார். உறுப்பினராக முகவரிச் சான்று வேண்டும். புறம்போக்கில் இருக்கும் அவர்கள் குடிசைகளுக்குக் கதவு எண்ணே கிடையாது. பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தை அதற்கு ஈடாக ஏற்கலாமா என்று கேட்டு நூலகர் அம்மா மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை, வாசகர் வட்டத்தினர் தங்கள் அட்டைகளில் நூல்களை எடுத்து அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறோம்.