கட்டைவிரல் நுனியில் ஒரு கிணறு

"கிணத்த மூடுனது தெருவுக்கு லைட் வந்த வருஷம் தம்பி" என்றார் பாட்டி.

"இல்லவே இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி" என்றார் தாத்தா. ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் பகுதியின் பழைய ஆட்களிடம் கதை கேட்டுப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். (தம்பதியைச் சேர்த்து உட்கார வைத்தால் பாதி நேரம் பஞ்சாயத்துதான்.)

பாட்டி மேசையில் உள்ளங்கையை விரித்து வைத்தார். ஒவ்வொரு விரலும் ஒரு சந்து. கட்டைவிரல் நுனியைத் தொட்டு, "இங்கதான்" என்றார்.

ஒலிப்பதிவில் விரல் தெரியாதே! அதனால் நானே சத்தமாகக் கேட்டேன்: "கட்டைவிரல் பக்கம், முதல் சந்து முனையில கிணறு. சரியா பாட்டி?"

சரி, யார் சொன்ன வருஷம் சரி?

நினைவில் வருஷம் இடம் மாறிய கதை ஒன்று உண்டு. இத்தாலியின் டெர்னி நகரில் 1949-இல் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற ஆலைத் தொழிலாளி போராட்டத்தின்போது போலீசாரால் கொல்லப்பட்டார். பின்னாளில் ஆய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி போய்க் கேட்டபோது, பலர் அது 1953-இல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953, ஆலையில் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்த வருஷம். தங்களுக்குப் பெரிய அடி விழுந்த வருஷத்திலேயே அந்தச் சாவையும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். போர்டெல்லி அதைத் தவறென்று ஒதுக்கவில்லை. ஏன் நகர்ந்தது என்று தேடினார்.

நானும் பேச்சை எழுத்தாக்கும்போது வருஷத்தைத் திருத்துவதில்லை. ஆவணத்தில் இருக்கும் வருஷம் அடிக்குறிப்பில் போகும்.

இப்போதெல்லாம் வருஷம் கேட்பதையே குறைத்துவிட்டேன். "அப்போ உங்க பெரிய பிள்ளை நடக்க ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டால் பதில் சட்டென்று வருகிறது.