நாகப்பட்டினத்து அடிமைகளை நாகப்பட்டினத்தில் தேடாதீர்கள்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகளை அனுப்பியதைப் பற்றி மூலப் பதிவுகளைப் பார்க்க ஆசைப்பட்டு யாராவது கிளம்பினால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். பஸ் செலவாவது மிஞ்சும்.

1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் 1781 வரை இருந்தார்கள். 1690-இல் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையே இங்கே மாற்றிக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆண்டவர்கள் ஒரு கட்டுக் காகிதமாவது விட்டுப் போயிருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பக்கத்து அரசு அலுவலகம் ஒன்றில் விசாரித்தேன். எதிரே இருந்தவர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். பிறகு, "அடிமையா? அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல இல்லீங்களே சார்" என்றார். டச்சுக்காரனும் வெள்ளைக்காரன்தான் என்று விளக்கப் போனேன். அவர் பொறுமையாக ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தால் அது பட்டா நகல் கேட்கிற படிவம். சர்வே எண் எழுதாவிட்டால் வாங்க மாட்டார்களாம்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். ஆவணக் காப்பகங்களுக்குள் போக ஏதாவது ஒரு கல்வி நிறுவனத்தின் கடிதம் கையில் இருப்பது நல்லது. தனியாக ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அதை யார் தருவார்? தெரிந்த பேராசிரியர் ஒருவர் தருவதாகச் சொன்னார். அவருடைய கல்லூரி அலுவலகத்திலோ 'அடிமை வணிகம்' என்று தலைப்பைப் பார்த்ததும் கோப்பு நின்றுவிட்டது. சர்ச்சைக்குரிய விஷயமாம், முதல்வர் பார்க்க வேண்டுமாம். முதல்வர் வெளியூர், அப்புறம் தேர்வு, அப்புறம் விடுமுறை. கடைசியில் தலைப்பை 'சோழமண்டலக் கடல் வணிகம்' என்று மாற்றிக் கொடுத்தோம். அன்றைக்கு மாலையே சீல் விழுந்தது. உங்களுக்கும் இதே யோசனைதான்: பொய் வேண்டாம், ஆனால் தலைப்பு அகலமாக இருக்கட்டும்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன, பார்க்கவும் முடிகிறது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அவற்றில் பெரும்பகுதி கொச்சியைச் சேர்ந்தது. 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்தபோது கைக்கு வந்தவை. நாகைக்காகப் போகிறவர்களுக்கு முகம் தொங்கிப்போகும். இருந்தாலும் போனதற்குப் பலன் உண்டு. கொச்சிக் கட்டுகளில் அடிமை விற்பனைப் பத்திரங்கள் இருக்கின்றன: யார் விற்றார், யார் வாங்கினார், ஆளின் பெயர் என்ன, வயது என்ன, என்ன சாதி. அரை ஏக்கர் நிலம் கைமாறுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்கள்.

நாகப்பட்டினத்துக்கு வழி நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகம்தான். விமானச் சீட்டு வேண்டாம். கம்பெனியின் ஆவணத் தொகுதி எண் 1.04.02. பக்கங்களை ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ஆசியாவிலிருந்து போன கடிதங்களும் கணக்குகளும் தடித்தடியான தொகுதிகளாக இருக்கும். இங்கேதான் என்னைப் பல இரவுகள் சுற்றவிட்ட சிக்கல். தொகுதியின் மேல் இருக்கிற வருஷம் கடிதம் எழுதிய வருஷம் அல்ல, கப்பல் ஹாலந்தில் போய்ச் சேர்ந்த வருஷம். நாகையில் எழுதிய கடிதம் பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா, கம்பெனியின் ஆசியத் தலைமையிடம்) போய், அங்கே நகலெடுக்கப்பட்டு, அதன் பிறகு ஐரோப்பா போயிற்று. ஆகவே 1659 நடப்பைத் தேடுகிறவர் 1660, 1661 தொகுதிகளையும் திறந்து பார்க்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து 'இந்த வருஷத்துக்கு ஒன்றுமில்லை' என்று மூடிவிடாதீர்கள்.

அடுத்த சுவர் கையெழுத்து. டச்சு தெரிந்த ஒருவருக்குப் பணம் கொடுத்து சில பக்கங்களை அனுப்பினேன். பாவம், அவருக்குத் தெரிந்தது இன்றைய டச்சு. பதினேழாம் நூற்றாண்டு எழுத்தர் மையைத் தொட்டுத் தொட்டு இழுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, எழுத்தே பிடிபடவில்லை என்று பதில் போட்டார். முன்பணம் திரும்பி வரவில்லை. மொழி தெரிவது வேறு, பழைய கையெழுத்தைப் படிப்பது வேறு. பணம் கொடுக்கும் முன் ஒரு பக்கத்தை அனுப்பிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

காப்பாற்றியது குளோபலைஸ் என்ற டச்சுத் திட்டம். ஏறத்தாழ 50 லட்சம் பக்கங்களைக் கணினியை வைத்தே படிக்கவைத்து, தேடுகிற மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். பிழைகள் உண்டு, ஆனால் தேட முடிகிறதே! ஊர்ப் பெயரை மட்டும் எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். நாகபட்னம், நெகபட்னம், நெகபட்டம் என்று எழுத்தருக்கு ஒரு விதம்.

இன்னொரு உத்தி. அடிமை என்ற சொல்லைத் துரத்துவதைவிடப் பஞ்சத்தைத் துரத்துங்கள். அரிசி விலை, மழையின்மை, படையெடுப்பு என்று ஆளுநர் புலம்புகிற கடிதம் கிடைத்தால், அதற்கு அடுத்த சில பக்கங்களை விடாமல் பாருங்கள். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சையைச் சூறையாடிய 1659–61 காலத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைமுகங்களில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கு, மீதிப்பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். 1673-இல் தொடங்கிய வறட்சியிலும் இதே கதைதான். சோறில்லாத வருஷங்களில் பிள்ளைகளை விற்றிருக்கிறார்கள், தங்களையே விற்றிருக்கிறார்கள். கம்பெனிக்கு அது மலிவாக வாங்குகிற பருவம்.

முதன்முதலாக நாகையிலிருந்து அடிமைகள் ஏற்றப்பட்ட ஒரு வரியை நானே எழுத்துக்கூட்டிப் படித்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. துணிக்கட்டுக் கணக்குக்கும் அரிசிக் கணக்குக்கும் நடுவில் இருந்தது அந்த வரி. எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. வெற்றி என்று குதிக்கவா, எழுந்து போய்விடவா என்று தெரியவில்லை. மனைவியை எழுப்பிக் காட்டினேன். "இவ்வளவுதானா எழுதியிருக்கான்?" என்றாள்.

அவ்வளவுதான் எழுதியிருக்கிறான். அனுப்புகிற துறைமுகத்துக்கு ஆள் என்பது எண்ணிக்கை. பெயர் வேண்டுமானால் கப்பல் போய் இறங்கிய இடத்துக்குப் போக வேண்டும். இது புரிந்த பிறகுதான் என் தேடல் உருப்பட்டது. கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கால ஆவணங்கள் 'லாட் 1' என்ற தொகுதியில் இருக்கின்றன. கம்பெனிக் கணக்கில் வராத தனியார் வியாபாரத்துக்கும் இறங்கிய இடந்தான் சாட்சி. 1694–96-இல் மட்டும் தனியார் சோழமண்டலத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுபோனவர்கள் 3,859 பேர். பத்தாவியாவின் சரக்குக் கணக்குகளை வைத்து ஒரு தரவுத்தளம் இருக்கிறது, எல்லாரும் அதைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். அது பதினெட்டாம் நூற்றாண்டுக்கானது. 1659 பஞ்சத்தை அதில் தேடி உட்கார்ந்திருக்காதீர்கள்.

மிகவும் கைகொடுத்தது தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன். அங்கே கம்பெனிக் குடியேறிகள் இறந்தால் சொத்துப் பட்டியல் எழுதுவார்கள். கட்டில், பானை, மாடு, அடிமை என்று வரிசையாக. அநாதைச் சொத்து வாரியத்தின் அந்தப் பட்டியல்களை எம்.ஓ.ஓ.சி. 8 என்ற எண்ணில் தட்டச்சு செய்தே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, ஒருவரிடமும் கடிதம் நீட்ட வேண்டியதில்லை. பெயர்களும் இருக்கின்றன. ஆனால் அம்மா அப்பா வைத்த பெயர் பெரும்பாலும் இருக்காது. செப்டம்பர் என்றும் கியூபிடோ என்றும் எஜமானர்கள் சூட்டிய பெயரும், அதன் பின்னால் பிடித்துவந்த ஊரும்தான். 'நாகப்பட்டினத்து' என்று மட்டும் தேடினால் கொஞ்சம் பேர்தான் கிடைப்பார்கள். 'கடற்கரையைச் சேர்ந்த' என்று பொருள்படும் 'ஃபான் டி குஸ்ட்' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தக் கடற்கரை பெரும்பாலும் நம் சோழமண்டலக் கரைதான்.