பிரசவ அறையில் திருவருகைக் காலம்

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காத்திருப்பின் காலமே திருவருகைக் காலம். கத்தோலிக்கத் திருப்பலியின் மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு வரும்போது, அதன் முதல் ஞாயிறன்று மாற்கு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு சிறு பகுதி வாசிக்கப்படும். நெடும்பயணம் புறப்படும் வீட்டுத் தலைவர் பணியாளர் ஒவ்வொருவரிடமும் அவரவர் வேலையை ஒப்படைத்துவிட்டு, வாயில் காவலரை விழித்திருக்கச் சொல்கிறார். அவர் திரும்பி வருவது மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும் வேளையிலா, காலையிலா என்பது யாருக்கும் தெரியாது. அரசு மருத்துவமனை ஒன்றின் பிரசவ அறையில் செவிலியராகப் பல ஆண்டுகளாக இரவுப் பணி பார்த்து வருபவள் என்பதால், அந்த நான்கு வேளைகளையும் நான் நன்றாக அறிவேன். எங்கள் அறைக்குக் குழந்தைகள் அந்த நான்கு வேளைகளிலும் வருகிறார்கள்.

திருவருகைக் காலம் என்றதும் பங்கு மக்களின் நினைவுக்கு வருபவை கோயிலின் ஊதா நிறத் திரைகளும், வாரத்துக்கு ஒன்றாக ஏற்றப்படும் நான்கு மெழுகுதிரிகளும், வீட்டு வாசலில் தொங்கும் நட்சத்திரமும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டங்களும், டிசம்பரின் இரவுகளில் வீடு வீடாகச் செல்லும் கேரல் குழுக்களும்தான். முறைப் பணியில் இருப்பவர்களுக்கு இவற்றில் பாதி கிடைப்பதில்லை. மற்றவர்கள் பூசைக்குப் புறப்படும் நேரத்தில் நாங்கள் பணிக்குப் புறப்படுகிறோம். அன்பியம் கூடும் மாலையில் தூங்கி எழுகிறோம். இதைப் பற்றி எங்களில் பலருக்கு ஏக்கம் உண்டு. அது நியாயமான ஏக்கம். ஆனாலும் இந்தக் காலத்துக்கே உரிய செபம் பணி நேரத்துக்கு வெளியில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை.

முதல் பேற்றுக்கு வலியோடு வரும் ஒரு பெண்ணுக்கு நாங்கள் செய்வதில் பெரும்பகுதி காத்திருத்தல்தான். ஆனால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதல்ல. வலி முறைப்பட்ட பிறகு அரை மணிக்கு ஒரு முறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறோம். அது நிமிடத்துக்கு 110க்கும் 160க்கும் இடையில் இருக்க வேண்டும். வயிற்றின்மேல் உள்ளங்கையைப் பதித்து, 10 நிமிடத்தில் எத்தனை முறை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணி, பிரசவத்தின் முன்னேற்றத்தைப் பதியும் பார்ட்டோகிராஃப் தாளில் குறிக்கிறோம். வலி வரும்போது கருப்பை கைக்கடியில் இறுகித் திரண்டு எழும்பும். அது மெல்லத் தளரும்போது அந்தப் பெண்ணின் மூச்சும் சேர்ந்து தளரும். வெளியே மாமியாரோ தாயோ கதவருகில் நின்று, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்கு நேர்மையான பதில் எங்களிடம் கிடையாது. காரணமில்லாமல் அவசரப்படுத்தினால் தாய்க்கு ஆபத்து. கவனம் விலகினால் குழந்தைக்கு ஆபத்து. விழித்திருங்கள் என்ற நற்செய்திக் கட்டளையை எனக்கு விளங்க வைத்தவை, கேட்ட மறையுரைகளைவிட, அந்தத் தாளில் அரை மணிக்கொன்றாக விழும் புள்ளிகளே.

வலியை எண்ணும்போது செபம் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது, ஏனென்றால் அந்த நொடிகள் அந்தத் தாய்க்கு உரியவை. இரண்டு வலிகளுக்கு இடையில் கருப்பை தளர்ந்திருக்கும்போது, "ஆண்டவராகிய இயேசுவே, வாரும்" என்ற, விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாட்டின் கடைசி வேண்டுதலை மனத்துக்குள் ஒருமுறை சொல்வேன். கை கழுவும் நேரமும் செபத்துக்கு ஏற்றது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ 40 முதல் 60 நொடி ஆக வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆள் நெருக்கடியில் அந்த நேரம்தான் முதலில் சுருங்கும். கர்த்தர் கற்பித்த செபத்தையும் ஒருமுறை "அருள் நிறைந்த மரியே" என்ற செபத்தையும் அவசரமில்லாமல் சொன்னால் ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிவிடும். விரலிடுக்குகள், கட்டை விரல், நகக்கண் என்று வரிசையாகத் தேய்த்து முடிக்கும்போது செபமும் முடிந்திருக்கும். அடுத்த படுக்கையில் இருப்பவர் முருகனை அழைக்கலாம், அல்லாஹ்வை அழைக்கலாம். என் செபம் அவர் காதில் விழத் தேவையில்லை, சுத்தமான கை அவருக்குக் கிடைத்தால் போதும். கருவிகளை எண்ணித் தட்டில் அடுக்கும்போது புனித பெனடிக்ட் நினைவுக்கு வருவார்: மடத்தின் பொருள்களுக்குப் பொறுப்பானவர் எல்லாப் பாத்திரங்களையும் பீடத்தின் திருக்கலங்களாகவே கருத வேண்டும் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் அவர்.

அந்தச் சுழற்சியின் மூன்றாம் ஆண்டில், திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறன்று லூக்கா நற்செய்தி வேறொரு பக்கத்திலிருந்து நம் வேலைக்குள் நுழைகிறது. நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் திருமுழுக்கு யோவானிடம் கேட்கிறார்கள். வரி தண்டுவோரையும் படைவீரரையும் அவர் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. குறித்ததற்கு மேல் தண்டாதீர்கள், மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், கிடைக்கும் ஊதியத்தில் நிறைவு கொள்ளுங்கள் என்கிறார். குழந்தை பிறந்த செய்தியைச் சொல்ல வருபவரின் கையில் பணம் திணிக்கப்படுவதையும், சில இடங்களில் அது கேட்டே வாங்கப்படுவதையும், ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு ஒரு தொகை என்று அதிலும் தரம் பிரிக்கப்படுவதையும் அறியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. மெழுகுதிரி ஏற்றுவதற்கு முன்பே திருவருகைக் காலம் ஓர் அரசுப் பணியாளரிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். மகள் பிறந்திருக்கிறாள் என்று சொல்லும்போது என் குரல் தாழாமல் இருப்பதும் அந்தக் கேள்விக்கான பதிலின் ஒரு பகுதியே.

வயிற்றிலேயே இதயத் துடிப்பு நின்றுபோன குழந்தையைச் சுமந்து வரும் தாயிடம் இவை எல்லாம் மிகக் கடினமாகிவிடுகின்றன. அவளுக்கும் வலி வர வேண்டும். அவளும் அத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பின் முடிவில் அழுகுரல் இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அப்படி ஒரு தாய் ஒரு டிசம்பர் இரவில் வந்தார். "ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்குக் கனிமொழி கூறுங்கள்" என்ற எசாயா இறைவாக்கினரின் வாசகத்தைக் கோயிலில் கேட்ட வாரம் அது, ஆனால் கூறுவதற்குக் கனிமொழி எதுவும் என் வாயில் வரவில்லை. மற்றத் தாய்மாரின் குழந்தைகள் அழுவது கேட்காத மூலைக்கு அவருடைய படுக்கையை நகர்த்தினோம். பிறந்த பிறகு குழந்தையைத் துடைத்து, உயிருள்ள குழந்தையைச் சுற்றுவது போலவே துணியில் சுற்றினேன். "ஒரு தரம் பார்க்கட்டுமா, சிஸ்டர்?" என்று அவர் கேட்டார். கையில் கொடுத்தேன், அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். அந்த இரவில் நான் செய்த செபம் அவ்வளவே. அது கேட்கப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

ஆகவே ஆன்மிகப் பலன் என்று நான் சொல்வது மனத்துக்குள் பொங்கும் மகிழ்ச்சியை அல்ல. அது சில இரவுகளில் வரும், பல இரவுகளில் வராது. அதிகாலை 4 மணிக்கு வந்து சேரும் பெண்ணின் வயிற்றில் கை வைக்கும்போது, முன்னிரவில் வந்தவரிடம் காட்டிய பொறுமை இன்னும் என்னிடம் மீதமிருப்பதை உணர்கிறேன். என் சொந்தச் சேமிப்பிலிருந்து அவ்வளவு பொறுமை வந்திருக்க முடியாது. கிடைக்கும் பலனாக நான் அறிந்தது அதுதான்.

டிசம்பர் 17 முதல் வழிபாட்டின் நடை மாறுகிறது. மாலைப் புகழ் என்னும் மாலை நேரச் செபத்தில் நாளுக்கொரு பெயரால் மெசியாவை அழைக்கிறோம்: முதல் நாள் ஞானமே என்றும், 20ஆம் நாள் தாவீதின் திறவுகோலே என்றும், 23ஆம் நாள் இம்மானுவேலே என்றும். அன்றன்றைய பெயரோடு நான் பணிக்குச் செல்கிறேன். மார்கழியும் அதே நாள்களில் பிறந்துவிடுவதால், பணி முடிந்து வரும் பனிக்காலைகளில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியின் பாட்டும் வழித்துணையாக வரும். 21ஆம் நாளின் நற்செய்தி மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. மரியா புறப்பட்டபோது எலிசபெத்துக்கு 6ஆம் மாதம். அங்கே தங்கியது ஏறக்குறைய 3 மாதம் என்கிறார் லூக்கா. பேறுகாலத்தை ஒட்டி ஒரு வீட்டில் எவ்வளவு வேலை இருக்கும் என்று அறிந்தவர்கள் அந்த மூன்று மாதங்களை எளிதில் கடந்துபோக மாட்டார்கள்.

இந்த ஆண்டு 24ஆம் நாள் இரவு எனக்குப் பணி. நள்ளிரவுத் திருப்பலி கிடைக்காது. விடியற்காலைத் திருப்பலிக்கு உரிய நற்செய்தி, இரவெல்லாம் கிடைக்குக் காவல் இருந்த இடையர்கள் பெத்லகேமுக்கு விரைந்து சென்று, கண்டு, திரும்பிய பகுதி. முடிந்தால் அந்தப் பூசைக்குப் போவேன். ஆனால் பிரசவத்துக்குப் பின் முதல் 2 மணி நேரம் தாயின் இரத்தப்போக்கைக் கால் மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் அப்போது என் பொறுப்பில் இருந்தால், அடுத்த சிஸ்டர் வந்து அவர் அருகில் நின்ற பிறகே நான் கிளம்புவேன்.