மேல வீதிக் காமாட்சி

1990 ஆவணியில் மண்டபம் அகதிகள் முகாமில் பெயர் பதிந்துகொண்டு வெளியே வந்தபோது அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பழைய அஞ்சலட்டை இருந்தது. கும்பகோணத்திற்குக் கிழக்கே ஒரு கிராமத்தின் விலாசம். எழுதியவர் நாதஸ்வர வித்துவான். எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் இணுவில், அளவெட்டிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்கு ஆண்டுதோறும் வந்து வாசித்தவர். எங்கள் கோயிலில் ஒன்பதாம் திருவிழா அப்பாவின் உபயம். அதனால் இரண்டு மூன்று தடவை எங்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறார். "இந்தப் பக்கம் வந்தால் நம் வீடு இருக்கிறது" என்று அட்டையின் கடைசியில் எழுதியிருந்தார். 12 வருடங்களுக்கு முன் எழுதிய அந்த ஒரு வரியை நம்பி அப்பா, அம்மா, தங்கை, நான் நால்வரும் பஸ் ஏறினோம்.

வாசலில் நின்ற எங்களைப் பார்த்துப் பெரியவர் எதையும் கேட்கவில்லை. கொல்லையில் கிணறு இருக்கிறது, குளித்துவிட்டுச் சாப்பிட வாருங்கள் என்றார். அன்று முதல் அந்த வீட்டின் பின்கட்டு எங்களுடையதாயிற்று.

சோறு வெள்ளையாக இருந்தது. அம்மா ஊர்ச் சிவப்பரிசியை நினைத்து நினைத்துக் கொஞ்சமாகவே சாப்பிட்டார். "உங்களோடு கதைக்க வேண்டும்" என்று நான் சொன்னால் எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை. ஒரு நாள் தேநீர்க்கடையில் எந்த ஊர் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றேன். மூலையில் இருந்த முதியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தெட்சணாமூர்த்தி ஊரா?" என்றார். தவில் மேதை தெட்சணாமூர்த்தி மறைந்தது 1975-இல். 15 வருடம் கழித்தும் அவர் பெயரை அந்தக் கிராமத்தில் எழுந்து நின்று சொன்னார்கள். புதிய நாட்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் அடையாளச் சீட்டு அந்தப் பெயர்தான்.

எங்கள் குடாநாட்டில் ஆறு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு உண்டு. மற்றபடி எல்லாம் கிணற்று நீர்தான். எனவே காவிரியில் புதுத் தண்ணீர் வருவதை முதல் முறை பார்த்தபோது நான் பேச்சிழந்தேன். காய்ந்த மணலில் நுரையும் சருகுமாக நீர் மெல்ல நகர்ந்து வர, அதற்கு முன்னால் சிறுவர்கள் கூவிக்கொண்டு ஓடினார்கள். மறுநாள் காலையில் படித்துறையின் கீழ்ப்படிகளைக் காணவில்லை. ஆடிப்பெருக்கன்று பெண்கள் கரையில் பூவும் காதோலை கருகமணியும் வைத்து வணங்கினார்கள். தியாகராசர் அசாவேரி ராகத்தில் 'சாரி வெடலின' என்று இந்தக் காவிரியைத்தான் பாடியிருக்கிறார். இரு கரையிலும் மக்கள் மலரிட்டுப் பூசிக்க அவள் நடந்து வருகிறாள். ஊரில் கேட்டபோது அது எனக்கு வெறும் அசாவேரி.

இப்படித்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் ஊர் முளைத்தது. 'வாதாபி கணபதிம்' எங்கள் கோயிலில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பிள்ளையார் திருச்செங்காட்டங்குடியில் இருக்கிறார், சாளுக்கியரின் வாதாபியை வென்ற பரஞ்சோதி கொண்டுவந்தவர் என்பது இவ்வூர் மரபு என்று பெரியவர் சொன்னார். அந்த வாரமே பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தேன். முத்துசுவாமி தீட்சிதரின் நவாவரணக் கீர்த்தனைகள் திருவாரூர்க் கமலாம்பாளைப் பற்றியவை. அவள் சன்னிதியில் நின்று அவற்றில் ஆனந்தபைரவி ராகப் பாட்டைக் கேட்பது வேறு அனுபவம். சங்கீத மும்மூர்த்திகளான தியாகராசர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் அதே திருவாரூரில் 1762-க்கும் 1776-க்கும் இடையில் பிறந்திருக்கிறார்கள். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி' என்று பேர்பெற்ற ஊர்தான். ஆனாலும் கமலாலயக் குளக்கரையில் நின்றால், சில தெருக்களுக்குள் இத்தனை சங்கீதம் எப்படி அடங்கியது என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

வாத்தியமும் அங்கேயே விளைந்தது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்கள். திருவாவடுதுறைப் பக்கம் நாணல் தட்டையைப் பதப்படுத்தி, நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியைக் கட்டுகிறார்கள். பெரியவருக்குச் சீவாளி வாங்கிவருவது என் வேலையாயிற்று. பத்து வாங்கினால் அவர் ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்து இரண்டைத்தான் எடுத்துக்கொள்வார். விடியற்காலையில் அவர் சாதகம் செய்யும்போது பின்கட்டுச் சுவரே அதிரும். அம்மா அடுப்பை மூட்டாமல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஊரில் மார்கழி முழுதும் திருவெம்பாவை பாடியவர் அவர். கோயிலில் தேவாரம் தொடங்கச் சொன்னால் மற்றவர்கள் அவரைத்தான் பார்ப்பார்கள். கடலைக் கடந்த பின் ஒரு வரிகூடப் பாடவில்லை. தங்கை கெஞ்சியும் பாடவில்லை.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எங்கள் மக்கள் எல்லார் மேலும் சந்தேகப் பார்வை விழுந்தது. அப்பாவும் நானும் வாரம் ஒரு நாள் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். சில நாள் மாலையாகிவிடும். ஊரில் நாலு பேர் எழுந்து வழிவிட்ட மனிதர் என் அப்பா. அந்தப் பெஞ்சில் தலை குனிந்து, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது வாரம் பெரியவர் எங்களுடன் வந்தார். சலவை வேட்டி, காதில் கடுக்கன், நெற்றி நிறையத் திருநீறு. பெஞ்சில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காவலர் ஒருவர் பதறிப்போய், "ஐயா, நீங்கள் ஏன் இங்கே? உள்ளே வந்து உட்காருங்கள்" என்றார். "இவர்கள் என் வீட்டு மனிதர்கள். இவர்கள் எழுந்திருக்கும்போது நானும் எழுந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மணி நேரம். அவர் விரல்கள் முழங்காலில் தகிட தகதிமி, தகிட தகதிமி என்று மிச்ர சாப்புத் தாளம் போட்டுக்கொண்டே இருந்தன. என்ன பாட்டு என்று வெளியே வந்ததும் கேட்டேன். "சொல்கிறேன் தம்பி, வெள்ளிக்கிழமை எல்லாரும் தஞ்சாவூர் போகலாம்" என்றார்.

தஞ்சை மேல வீதியில் பங்காரு காமாட்சி கோயில். பங்காரு என்றால் தெலுங்கில் தங்கம். ஆனால் உடல் முழுதும் புனுகு சாத்தியிருப்பதால் அம்மன் கறுத்துத் தெரிகிறாள். காஞ்சிபுரத்தில் இருந்தவள், படையெடுப்புக்கு அஞ்சி அவளைத் தூக்கிக்கொண்டு அர்ச்சகர் குடும்பம் ஊர் ஊராக அலைந்தது, வைசூரி கண்ட குழந்தை என்று சொல்லி மூடுபல்லக்கில் கொண்டுவந்தார்கள் என்பார்கள். தலைமுறைகள் கழிந்து திருவாரூரில் தங்கினார்கள். சியாமா சாஸ்திரி அங்கே அந்தக் குடும்பத்தில் பிறந்தார். பிறகு ஹைதர் அலியின் படை பற்றிய அச்சம் வர, மறுபடியும் அம்மனைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர். மராட்டிய மன்னர் துளஜா காலத்தில்தான் இந்த இடம் கிடைத்தது. 1827-இல் இறக்கும்வரை சியாமா சாஸ்திரி இவளுக்குப் பூசை செய்தார், இவளைப் பாடினார்.

பெரியவர் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்டார்: "அப்படியென்றால் அண்ணை, இந்த அம்மனும் இடம்பெயர்ந்து வந்தவரா?"

"ஆமாம் தங்கச்சி. இரண்டு தடவை."

அம்மா வெகுநேரம் சன்னிதியை விட்டு நகரவில்லை. பெரியவர் பிராகாரத்தில் உட்கார்ந்து எனக்கு மட்டும் கேட்கும்படி, அன்று பெஞ்சில் தாளம் போட்ட பாட்டை, சியாமா சாஸ்திரியின் பைரவி ராக ஸ்வரஜதியைப் பாடினார். எட்டுச் சரணங்கள். முதலாவது ஷட்ஜத்தில் தொடங்குகிறது, அடுத்தது ரிஷபத்தில், அதற்கடுத்தது காந்தாரத்தில். புதுத் தண்ணீர் படித்துறையில் ஏறுவது போல ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தைத் தொடும். தியாகராசர் ராமனிடம் உரிமையோடு சண்டை போடுவார். தீட்சிதர் தெய்வத்தை விளக்கொளியில் அங்கம் அங்கமாகக் காட்டுவார். இருவரையும் வணங்குகிறேன். சியாமா சாஸ்திரியிடம் எனக்குக் கிடைப்பது வேறு. அவர் ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். 'மரி வேரே கதி எவரம்மா', வேறு கதி யார் அம்மா. 'தேவி ப்ரோவ ஸமயமிதே', காப்பதற்கு இதுதான் நேரம். அவர் பாடல்களில் நமக்குக் கிடைத்திருப்பவை மற்ற இருவருடையதை விடக் குறைவு. எனக்கு அவை போதும்.

அப்பா 2004-இல் காலமானார். பெரியவருக்கு அப்போது மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது, நாதஸ்வரத்தைக் கையில் எடுப்பதில்லை. காரியம் எல்லாம் முடிந்த அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, யாரும் கேட்காமல், பைரவியை வாயால் பாடினார். சரணம் சரணமாக ஏறினார். ஏழாவது முடிந்து மேல் ஷட்ஜத்திற்கு வந்தபோது குரல் எட்டவில்லை. ஒரு தரம் முயன்றார், இருமல் வந்தது.

உள்ளே இருட்டில் இருந்து, 'ச்யாமக்ருஷ்ண ஸஹோதரி' என்று அம்மா எடுத்தார். 14 வருடம் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டது, சுருதி பிசகாமல் வந்தது. நானும் தங்கையும் அசையவில்லை. பெரியவர் தாளம் போட்டார்.